வாய்க்காலை மறித்த கார்

ஒரு காரைக் கழற்ற உற்சாகம் இருந்தால் போதும். கையில் ஒரு ஸ்பானர், பக்கத்தில் நின்று "ஆகா" போட ஒரு உறவினர், விடுமுறை நாள் ஒன்று. உச்சிவெயில் ஏறுவதற்குள் எந்த வண்டியையும் எவரும் துண்டு துண்டாக்கிவிடலாம். அப்படித் துண்டாக்கியவர் அன்று மாலை மிகுந்த சந்தோஷத்தில் இருப்பார். மறுநாள் அவர் முகம் கொஞ்சம் வாடும். ஒரு மாதம் கழித்து நம் பட்டறைக்கு ஆள் அனுப்புவார். அனுப்பும்போது, "எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்றிரண்டு சாமான் மட்டும் மாட்ட வேண்டும்" என்று சொல்லி அனுப்புவார்.

தம்பிமார்களே, அந்த ஒன்றிரண்டு சாமான் என்ற வார்த்தையைக் கேட்டால் உடனே காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடுங்கள். நான் படுக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். அங்கே சிமெண்டு பூசிய குழி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, உலை இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாசலில் ஒரு கதவு இருக்கிறது. யோசனை சொல்ல வருகிறவர்களை அதற்கு வெளியே நிறுத்தலாம். வீட்டில் வைத்துச் செய்யும் வேலையில் அந்தக் கதவு கிடையாது. என் ஆயுளில் பாதிப் பொறுமை கதவில்லாத இடங்களில்தான் செலவானது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. நாகர்கோவிலில் ஒரு பஸ் கம்பெனியில் பட்டறைக்கு நான் பொறுப்பு. மதராஸில் முறையாகப் படித்துத் தேறியவன் என்பதால் என்னைக் காட்டி முதலாளி பெருமைப்படுவார். அதே காரணத்துக்காக என்னோடு சண்டையும் போடுவார். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, மறுநாள் இராஜாக்கமங்கலம் போகச் சொன்னார். எங்கள் கம்பெனி வழக்குகளை நடத்தும் வக்கீலின் வீடு அங்கே இருந்தது.

"அவரு கார அவரே ரிப்பேர் பண்ணுதாரு. அடியில ஒண்ணு ரெண்டு சாமான் ஏற மாட்டேங்குதாம்" என்றார் முதலாளி.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போக வேண்டும்."

"சாமி எங்கயும் போயிர மாட்டாருவே. வக்கீலு போயிருவாரு. அவரு என்ன சொன்னாலும் தலையாட்டும்."

"தலையாட்டினால் சாமான் ஏறாதே."

"நீரு ஆட்டிப் பாத்திருக்கேரா? போவும்வே."

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைத்தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. கார்ப் பந்தயத்துக்கென்று தரையோடு தரையாகச் செய்திருந்தார்கள். சீமையில் அதற்கேற்ற ரோடு இருக்கும்போலும். நம் ஊரில் மாட்டு வண்டிச் சக்கரங்கள் இரு பக்கமும் தடம் வெட்டி, நடுவில் செம்மண் மேடு எழுப்பி வைத்திருக்கும் பாதையில் அதை ஓட்டினால் என்ன ஆகும்? மேடு வயிற்றைக் கிழித்தது. எஞ்சினுக்கு அடியில் மூடியிருந்த தகடு நெளிந்தது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் 'பின்' என்ற இரும்பு முளை தேய்ந்து தொங்கியது. இரண்டையும் வக்கீல் தாமே கழற்றினார். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து அதன்படி கழற்றினார். புத்தகத்தில் கழற்றும் முறையை முழுதாக எழுதிவிட்டு, அதன் கீழே, "மாட்டுவதற்கு இதையே தலைகீழாகச் செய்க" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த வரியை எழுதிய ஆசாமியை வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் தென்னந்தோப்பின் ஓரத்தில், வாய்க்காலின் மேல் நின்றுகொண்டிருந்தது.

மேல் என்றால் மேலேதான். மூன்றடி அகல வாய்க்கால். இரண்டு கரைகளையும் இணைத்து இரண்டு தென்னந்தடிகளைக் குறுக்கே போட்டு, ஒன்றின்மேல் காரின் மூக்கையும் மற்றொன்றின்மேல் அதன் வாலையும் ஏற்றி வைத்திருந்தார்கள். சக்கரங்கள் கரைகளுக்கு மேலே அந்தரத்தில் தொங்கின. கீழே வாய்க்கால் வறண்டு கிடந்தது.

வக்கீல் அரைக்கால்சட்டையோடு புத்தகத்தைப் பிடித்தபடி வந்தார். கையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"வாரும், வாரும். வண்டிக்கு அடியில வேல பாக்கணும்னா குழி வேணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. இங்க மணலுல தோண்டுனா இடிஞ்சு விழுது. பொறவுதான் யோசிச்சேன். குழி நம்ம வீட்டு முன்னாலேயே ஓடுதே! எப்படி?"

"வாய்க்காலில் தண்ணீர் வராதா?"

"மேல வரம்பு போட்டு அடச்சாச்சு. இப்பம் முறையும் இல்ல. செவ்வாக்கிழமதான் வெள்ளம்."

எங்கள் பக்கத்துப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். தை மாதம் அது. கும்பப்பூ என்கிற இரண்டாம் போகத்து நெல் பால் கட்டும் சமயம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் மேலே உள்ள வயல்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மீந்தது கடைமடையான இந்தக் கடற்கரைப் பக்கத்துக்கு முறைவைத்து வரும். இதெல்லாம் நாஞ்சில் நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். வக்கீலுக்கும் தெரியும். தண்ணீர் முறை வழக்குகள் எத்தனையோ நடத்தியிருக்கிறார். ஆனால் கார் என்று வந்துவிட்டால் ஆசாமிக்கு நெல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

வாய்க்காலுக்குள் இறங்கி மல்லாந்து படுத்தேன். படுத்ததும் ஒரு நாற்றம் மூக்கைத் துளைத்தது. பூனைகள் மூன்று நான்கு எனக்கு முன்பே அங்கே இருந்தன. ஒன்று ஸ்பிரிங் பட்டையை மிகுந்த பக்தியோடு நக்கிக்கொண்டிருந்தது.

"இதில் என்ன பூசியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

பதில் மேலேயிருந்து வந்தது. வக்கீலின் தாய்மாமா சவரிமுத்து, மீன் வியாபாரி, இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"மீனெண்ணெ. நாந்தான் தேச்சேன். கழட்டிப் போட்ட இரும்பு உப்புக் காத்துல துருப்பிடிக்காம இருக்கணும்லா? எத்தன வருசமா எனக்க வள்ளத்துக்குத் தேய்க்கேன். ஒரு பலக உளுத்திருக்கா, கேளும்!"

"அது மரம், மாமா. இது இரும்பு."

"இரும்பு என்ன, மரத்துக்கு ஒசந்ததா?"

உங்களுக்கு ஒரு விஷயம். மீனெண்ணெய் காய்ந்தால் பிசினாகி, பிறகு தோலாகி, கடைசியில் கொம்புபோல இறுகிவிடும். தண்ணீர் புகாமல் இருப்பதற்காகத்தான் அதை வள்ளத்துக்குப் பூசுகிறார்கள். ஸ்பிரிங் பட்டைகளின் கதை வேறு. அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். வழுக்கினால்தான் பாரம் ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளும். நீண்டால்தான் அதன் நுனி வளையமான கண், சேசிஸிலுள்ள கண்ணுக்கு நேராக வரும். நேராக வந்தால்தான் பின் நுழையும். மாமாவின் உபசாரத்தில் ஏழெட்டுப் பட்டைகளும் ஒட்டி ஒரே கட்டையாகிவிட்டன. புதிய பின்னையும் அவர் விடவில்லை. அதன் மேல் காய்ந்த எண்ணெயின் கனமே அது துவாரத்தில் நுழையாமலிருக்கப் போதும்.

அடித்தகட்டின் தகராறு வேறு மாதிரி. ஒரு பக்கம் நான்கு போல்ட்டும் உட்காரும். மறுபக்கம் ஒன்றும் உட்காராது. மூக்கிலும் வாலிலும் மட்டும் தாங்கி நிறுத்தினால் நடுவில் எஞ்சின் பாரத்தில் சேசிஸ் கொஞ்சம் வளையும். கண்ணுக்குத் தெரியாது, துவாரத்துக்குத் தெரியும். வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைப்பதுபோல வைத்திருந்தார்கள். வள்ளம் அப்படி வளையாது. வக்கீல் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, அரம் வாங்கி வைத்திருந்தார். துவாரங்களை நீளமாக ராவிவிடலாமாம். அந்த அரத்தை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த நாளில் நான் செய்த முதல் நல்ல காரியம் அது.

"எல்லாவற்றையும் கழற்றி, சோடா உப்புப் போட்டு அவித்து, எண்ணெயை எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். வண்டியையும் சமதரையில் நிறுத்த வேண்டும்" என்றேன்.

வக்கீலின் முகம் இறுகியது. "நாளைக்கு நான் கார்ல வாறேன்னு கோர்ட்டுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. தகடு கெடக்கட்டும், தெருவுல போறவன் குனிஞ்சா பாக்கப்போறான்? அந்தப் பின்ன மட்டும் ஏத்திக் குடும்."

முதலாளி சொன்னபடி தலையாட்டினேன். கத்தியால் பின்னைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துவாரத்தையும் சுத்தம் செய்தேன். வாய்க்காலின் அடியில் பலகை போட்டு, ஜாக்கியை வைத்து, ஆக்சிலை மேலே தள்ளினேன். பட்டை நிமிர்வதற்குப் பதில் காரின் வால் தடியைவிட்டு எழும்பியது. வாலுக்குப் பாரம் வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். மாமா நின்றார்.

"மாமா, பின்னால் ஏறி உட்காரும்."

"நானா? எதுக்கு?"

"இரும்புக்கு."

ஏறி உட்கார்ந்தார். தேர்மேல் சாமி இருப்பதுபோல இருந்தது. பட்டை மனமில்லாமல் ஒரு இழை நீண்டது. பின் நுழைந்தது. சுத்தியலால் தட்டத் தட்ட மயிரிழை மயிரிழையாக ஏறியது. பாதி ஏறியதும் நின்றுவிட்டது.

பாதி ஏறி நிற்கும் சாமானைப்போல மனிதனை முட்டாளாக்கும் சங்கதி உலகத்தில் வேறில்லை. ஏறவே இல்லை என்றால் புத்தி வேலை செய்யும். பாதி ஏறிவிட்டால் மீதியும் ஏறிவிடும் என்று கை தானாகச் சுத்தியலைத் தேடும். நான் அந்த நிலையில்தான் கிடந்தேன். அப்போது காருக்கும் கரைக்கும் இடையிலிருந்த சந்தில் சேறு ஒட்டிய இரண்டு கால்களும், அவற்றின் பக்கத்தில் ஒரு மண்வெட்டியின் தகடும் தெரிந்தன.

"யாருவே அடியில?"

"மெக்கானிக்."

"வெளிய வாரும். வெள்ளம் வருது."

வெளியே வந்து பார்த்தேன். ஒல்லியான மனிதர், தலையில் துண்டு, நெற்றியில் நீறு. பெயர் சிதம்பரதாணு. இந்த வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. அதற்கப்பால் மணலும் கடலும்தான்.

வக்கீல் புத்தகத்தை மூடினார். "முறை செவ்வாக்கிழமன்னுல்லா சொன்னாவ?"

"சொன்னவன் கோர்ட்டுல சொல்லியிருப்பான். மேல்மடை விடியக்காலமே தொறந்தாச்சு. இன்னைக்கு எனக்க முறை. வரம்ப வெட்டணும்."

"சிதம்பரதாணு, கொஞ்சம் பொறும். ஒரே ஒரு பின்னு. பாதி ஏறியாச்சு. மீதி ஏறிச்சுன்னா சக்கரத்த எறக்கி உருட்டிட்டுப் போயிருவோம்."

"உமக்க பின்னு ஏறதுக்குள்ள எனக்க வெள்ளம் உமக்க தென்னைக்கு ஏறிரும். அங்க பாரும்."

பார்த்தோம். வரம்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கலங்கலாகத் தேங்கி, உயர்ந்து, கரை தாழ்ந்திருந்த இடத்தில் வழிந்து, தோப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசைத் தென்னைகளின் தூரைச் சுற்றி வெட்டிய தடங்கள் நிறைந்துவிட்டன.

"இது கார் ரிப்பேரா, தென்னைக்கு வெள்ளம் பாய்ச்சுத வேலையாவேய்?"

"என்ன பேச்சுப் பேசுதீரு! என்னையக் கள்ளன்னா சொல்லுதீரு?"

"நான் சொல்லல்ல. தென்னதான் சொல்லுது."

வக்கீலுக்கு முகம் சிவந்தது. கோபம் வந்ததும் அவருக்கு அரைக்கால்சட்டை மறந்து கறுப்புக் கோட்டு ஞாபகம் வந்துவிட்டது. "இந்த வாய்க்கால்ல எனக்கும் பாத்தியதை இருக்கு, தெரியுமா? வரம்ப வெட்டி எனக்க கார் விழுந்துதுன்னா நட்டம் யாரு குடுப்பா? நாளைக்கே தடை உத்தரவு வாங்குவேன்."

"பாத்தியதை உமக்க பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும். எனக்க பயிரு வெயில்லல்லா நிக்குது. பால் புடிக்க நேரத்துல வெள்ளம் இல்லேன்னா அத்தனையும் பதரு. தடை உத்தரவ அவிச்சுத் திங்கவா?"

இனி நான் இருந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வரம்பை வெட்டினால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வரும். தென்னந்தடிகள் உட்கார்ந்திருந்தது மண் கரையில். கரை நனைந்தால் ஒரு தடி புதையும். கார் சாய்ந்து வாய்க்காலுக்குள் கவிழும். வெட்டாவிட்டால் அந்த மனிதருடைய போகம் போகும். கடைமடைக்கு அடுத்த முறை உண்டா என்பது மலையில் இருக்கும் தண்ணீருக்கே தெரியாது. நடுவில் பாதி ஏறிய ஒரு பின். அது ஏறாமல் சக்கரத்தை இறக்கினால் ஆக்சில் ஒரு பக்கம் கழன்று போகும்; வண்டியை ஒரு அடி உருட்ட முடியாது.

எந்தப் புத்தகத்திலும் இதற்கு அத்தியாயம் கிடையாது. நான் படித்த கல்லூரியில் வாய்க்கால் இல்லை.

"பெரிய சம்மட்டி இருக்கு" என்றார் வக்கீல். குரல் தணிந்திருந்தது. "ஓங்கி ஒரே ஒரு அடி அடியும். பாதி ஏறினது மீதி ஏறாதா?"

"அடிச்சுத் தள்ளும்வே!" என்றார் மேலே உட்கார்ந்திருந்த மாமா. "நான் இருக்கேன்ல!"

சிதம்பரதாணு அதற்கெல்லாம் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பை நோக்கி நடந்தார்.

ஒரே அடியில் ஏறியிருக்கவும் கூடும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பின்னைத் தாங்கும் கண் வார்ப்பிரும்பு. ஓங்கி அடித்தால் அது வெடிக்கும். வெடித்தால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று: நான் இன்னும் அரை மணி நேரம் பின்னோடு மல்லுக்கட்டலாம் என்றால், அந்த அரை மணி நேரம் என்னுடையது அல்ல. அது தோப்புக்குள் வழிந்துகொண்டிருந்தது.

சம்மட்டியை வாங்கவில்லை. சிறிய சுத்தியலோடு மறுபடி கீழே இறங்கினேன். மறுபக்கத்திலிருந்து இரண்டு தட்டு. பின் வந்த வழியே வழுக்கி என் நெஞ்சின்மேல் விழுந்தது.

"ஐயோ!" என்று வக்கீல் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஏறினதையும் எடுத்துட்டீரே! பாதி ஏறியிருந்துதேவே!"

"சிதம்பரதாணு, கொஞ்சம் நில்லும்" என்று கத்தினேன். "காரைத் தூக்கிவிடுகிறேன். தூக்கியதும் வெட்டும்."

அவர் திரும்பினார். "கார எப்படிவே தூக்குவீரு?"

"மாமா, இறங்கும். உம்ம வள்ளக்காரர்களைக் கூப்பிடும். கம்பும் கயிறும் வேண்டும்."

மாமாவுக்கு இது உடனே பிடிபட்டது. இரும்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தப்பு. ஆனால் கரையில் கிடக்கிற பாரத்தை ஆள் வைத்து எடுப்பது அவருக்கு அன்றாடம். ஞாயிற்றுக்கிழமையானதால் யாரும் கடலுக்குப் போகவில்லை. பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு நின்றவர்கள் அப்படியே வந்தார்கள். தொங்கிய ஆக்சிலை நான் வள்ளக் கயிற்றால் சேசிஸோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கம்புகளை எந்த இடத்தில் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் கொடுத்தால் பெட்ரோல் டாங்கி நசுங்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒருவர் எனக்கே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவரை டாங்கி இல்லாத பக்கம் அனுப்பினேன்.

தூக்கப்போகும் நேரத்தில் ஒருவர் பாட்டு எடுத்தார். வக்கீல் பதறிவிட்டார். தெருவில் ஏற்கெனவே கூட்டம்.

"பாட்டு வேண்டாம் மக்கா, ஊரு பாக்குது. சும்மா தூக்குங்கோ."

"பாட்டில்லாமத் தூக்க இது என்ன சவமா?" என்றார் பாட்டுக்காரர்.

பாட்டோடுதான் தூக்கினார்கள். கார் தடிகளைவிட்டு எழுந்தது. அப்போதுதான் எனக்கு அடுத்த எரிச்சல் வந்தது: தூக்கியாயிற்று, எங்கே வைப்பது? ஒரு பக்கம் தோப்பு. அதில் இப்போது சேறு. மறுபக்கம் மணல். இறுகிய, சமமான தரை ஒன்றே ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லோருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"ஐயே, அது எனக்க களம்!" என்றார் சிதம்பரதாணு.

"வேற எங்கவே வைக்க? தோளு போவுது!" என்று கம்புக்கடியிலிருந்து ஒருவர் கேட்டார்.

அவர் காரைப் பார்த்தார். வழிந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். "வச்சுத் தொலைங்கோ. ஆனா அறுப்புக்கு முன்ன எடுத்திரணும். எடுக்கலேன்னா அதுக்க மேலயே கதிரப் போட்டுச் சூடடிப்பேன், பாத்துக்கிடும்."

காரைக் களத்தில் இறக்குவதற்குள் அவர் வரம்பை வெட்டிவிட்டார். நான் சற்றுமுன் மல்லாந்து கிடந்த இடத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. பூனைகள் சிதறின. சிதம்பரதாணு மண்வெட்டியைத் தோளில் போட்டு, தண்ணீரோடு போட்டிபோட்டுக் கரையோரமாக வேகமாக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வக்கீல் எங்கள் கம்பெனி பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போனார். போகிற வழியில் எங்கள் ஆபீசில் இறங்கி முதலாளியிடம் நான்கு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மாட்டிட்டு வாரும்னா கழட்டிட்டு வந்திருக்கீராமே!" என்று முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "பாதி ஏறினதையும் புடுங்கிட்டீராமே! நாம பஸ்சு ஓட்டுதோமா, வாய்க்கா வெட்டுதோமா?"

"முழுதாக ஏற்றித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விடும்."

"தலையாட்டச் சொன்னேன்லாவே உம்ம."

"ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் வேலை கெட்டது."

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் களத்தில் நான் செய்ததை விவரிக்கப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். கழற்று, பிரி, அவி, துடை, கிரீஸ் வை. அவிப்பதற்குத்தான் பாத்திரம் கிடைக்கவில்லை. வக்கீல் வீட்டில் நெல் அவிக்கும் பெரிய செம்புக் குட்டுவம் ஒன்று இருந்தது. அதைக் கேட்டதும் வக்கீலின் மனைவி அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார்.

"அதுல நெல்லு அவிக்கணும். இந்த மீன்நாத்தம் பொறவு போவுமா?"

"போகும் அம்மா. புளி போட்டுத் தேய்த்தால் சுத்தமாகப் போகும்."

"போவலேன்னா கேளுங்கோ, அந்தக் கார்லதான் உலை வைப்பேன். ரெண்டு பேருக்குப் போதும்."

வக்கீல் புத்தகத்தைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். குட்டுவம் கிடைத்தது. பட்டைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன. ஒவ்வொரு தடவையும் மாமா வந்து, அவித்த இரும்பைப் பார்த்து, "வெறும் இரும்பா இருக்கே, பாவம்" என்று இரக்கப்பட்டுவிட்டுப் போனார். அவர் கையில் ஏதாவது குப்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் நான் பார்த்துக்கொண்டேன்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு சொல்கிறேன். ஒரு சாமான் ஏறவில்லை என்றால் அதன்மேல் கோபப்படாதீர்கள். கடைசியாக அதைத் தொட்டவர் யார், என்ன பூசினார், வண்டியை எப்படி நிறுத்தினார் என்று விசாரியுங்கள். பாதி ஏறியதை எடுக்கத் தைரியம் வேண்டும். சம்மட்டியை ஓங்குவதற்கு வேண்டிய தைரியத்தைவிடக் கூடுதலாகவே வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லோரும் உங்களைப் பைத்தியக்காரன் என்பார்கள். முதலாளியும் சொல்வார். பிறகு ஒன்று: ஒரு வீட்டுக்குப் போனதும் நேராக வண்டிக்கு அடியில் புகுந்துவிடாதீர்கள். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, அது யாருடைய வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு என்று சொல்லிவிட்டு மூன்று சொல்லிவிட்டேன். இருக்கட்டும்.

மாசி பிறந்துவிட்டது. அறுப்புக்கு முந்தின கடைசி ஞாயிற்றுக்கிழமை அது. கார் களத்தில் தன் சொந்தக் காலில், நான்கு சக்கரங்களிலும் நின்றது. பட்டை தன் பாரத்திலேயே நிமிர்ந்து கிடந்தது. பின்னைக் கட்டைவிரலால் தள்ளினேன். போய் உட்கார்ந்தது. அடித்தகட்டைத் தூக்கிப் பிடித்தேன். எட்டுத் துவாரங்களும் எட்டுத் துவாரங்களைப் பார்த்தன. போல்ட்டுகளை விரலாலேயே திருகினேன். கடைசியில் இறுக்குவதற்கு மட்டும் ஸ்பானர்.

நிமிர்ந்தபோது சிதம்பரதாணு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. ஒரு கையில் துடைப்பம், மறு கையில் சாணிக் கூடை.

"இவ்வளவுதானா?" என்றார்.

ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் போட்டேன்.

"இல்ல, கேக்கேன். விரலால திருகுத சாதனத்துக்கா எனக்க வெள்ளத்த மறிச்சீங்கோ? இதுக்கா ஊரக் கூட்டிப் பாட்டுப் பாடித் தூக்குனீங்கோ?"

வக்கீல் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரின் மறுபக்கம் போய்விட்டார். அவருக்கு எந்தச் சட்டமும் ஞாபகம் வரவில்லைபோலும்.

சரியாகச் செய்த வேலையைப் பார்க்கிறவனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். நெருப்புப் பறக்க வேண்டும், சம்மட்டி முழங்க வேண்டும், யாராவது ஒருவருக்காவது கை நசுங்க வேண்டும். விரலால் திருகினால் யார் மதிப்பார்கள்? இத்தனை வருடத்தில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள், சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். என் வேலையைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் அந்தச் சாணிக் கூடைக்காரர் ஒருவர்தான். அதையும் திட்டாகத்தான் சொன்னார்.

"இவ்வளவுதான்" என்றேன்.

"அப்பம் எடுத்துட்டுப் போங்கோ. நாளைக்கு அறுப்பு. களம் மெழுகணும்."

வக்கீல் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். கார் உறுமியது, குலுங்கியது, மெல்ல நகர்ந்தது. அதன் பின்சக்கரங்கள் களத்தைவிட்டு இறங்குவதற்குள், முன்சக்கரங்கள் நின்றிருந்த இடத்தில் சிதம்பரதாணு சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டார்.